சிஸ்டம் ஷாக் ரீமேக்: ஓவியம் மாறிய கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த விளையாட்டைப் பற்றிய பக்கம் இது?

1994இல் வெளிவந்த 'சிஸ்டம் ஷாக்' என்ற அமெரிக்கக் கணினி விளையாட்டின் ரீமேக் பற்றியது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இயங்கும் நைட்டைவ் ஸ்டுடியோஸ் அதை உருவாக்கியது. 2016இல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் ரசிகர்களிடம் பணம் திரட்டிய அந்த நிறுவனம், 2023 மே 30 அன்று கணினிக்கும் 2024 மே 21 அன்று கன்சோல்களுக்கும் விளையாட்டை வெளியிட்டது. இடைப்பட்ட காலத்தில் அதன் தோற்றம் ஒருமுறை தலைகீழாக மாறி, பிறகு வேறொரு வழியில் திரும்பி வந்தது.

எல்லா ரீமேக்குகளின் ஓவியமும் வளரும்போது மாறத்தான் செய்யும். பெரிய நிறுவனங்கள் அதைப் பூட்டிய கதவுக்குள் செய்துவிட்டு, கடைசியில் கிடைத்ததை மட்டும் வெளியே காட்டும். நைட்டைவ் குழுவினர் ரசிகர்கள் கொடுத்த பணத்தில் வேலை செய்தார்கள். அதனால் ஒவ்வொரு கட்டத்தையும் வெளியே காட்டியாக வேண்டியிருந்தது. ஒரு விளையாட்டின் முகம் எப்படித் தேறுகிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு குறைவு.

மூல விளையாட்டு பார்வைக்கு எப்படி இருந்தது?

சனிக் கோளைச் சுற்றிவரும் சிட்டடல் என்ற விண்வெளி நிலையத்தில் கதை நடக்கிறது. ஆண்டு 2072. ஆறு மாத மயக்கத்திலிருந்து ஒரு ஹேக்கர் மருத்துவத் தளத்தில் கண்விழிக்கிறான். அதற்குள் நிலையத்தின் செயற்கை நுண்ணறிவான ஷோடான் மனிதர்களைக் கொன்றும் உருக்குலைத்தும் முடித்திருக்கிறது.

மூல விளையாட்டை உருவாக்கிய லுக்கிங் கிளாஸ் டெக்னாலஜீஸ் நிறுவனத்தார் இதை 256 நிறங்களில் வரைந்தார்கள். சுவரும் தரையும் முப்பரிமாணம். எதிரிகளோ தட்டையான படங்கள். நாம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் நம்மை நோக்கியே திரும்பும் அட்டைப் பொம்மைகள் போல நிற்பார்கள். திரையின் ஓரங்களை எல்லாம் பொத்தான்களும் சிறு பலகைகளும் அடைத்துக்கொண்டிருக்கும். உலகத்தைப் பார்க்க நடுவில் ஒரு சன்னல் மட்டும் மிஞ்சும்.

நிறங்கள்தான் மறக்க முடியாதவை. பயமூட்டும் விளையாட்டு என்றால் கறுப்பும் சாம்பலுமாக இருக்க வேண்டும் என்ற வழக்கம் அப்போது இன்னும் இறுகவில்லை. ஊதா, பச்சை, ஆரஞ்சு, நீலம் எல்லாம் கூச்சமில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒவ்வொரு தளத்துக்கும் தனிச் சாயல் இருந்தது. மருத்துவத் தளத்தில் நிற்கிறோமா, பராமரிப்புத் தளத்தில் நிற்கிறோமா என்று சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம். எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி காட்டாத விளையாட்டு அது. அங்கே நிறம் அழகுக்கு மட்டும் வைத்ததில்லை, வழிகாட்டியும் அதுதான்.

இந்த விளையாட்டின் உரிமை நைட்டைவுக்கு எப்படி வந்தது?

லுக்கிங் கிளாஸ் 2000இல் மூடப்பட்டது. உரிமை ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கையில் கிடந்தது. நைட்டைவை நிறுவிய ஸ்டீபன் கிக் அவர்களிடம் பேசி, முதலில் சிஸ்டம் ஷாக் 2 விளையாட்டை 2013இல் மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 2015இல் முதல் பாகத்தின் மேம்பட்ட பதிப்பு வந்தது. அதில் ஓவியத்தைத் தொடவில்லை. திரைத் தெளிவைக் கூட்டி, மவுஸால் தலையைத் திருப்பிப் பார்க்க வழி செய்தார்கள், அவ்வளவுதான்.

2016இல் காட்டிய முதல் தோற்றம் எப்படி இருந்தது?

அப்போது அவர்கள் மனத்தில் இருந்தது அடக்கமான திட்டம். பழைய வரைபடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, சுவர், விளக்கு, எதிரி எல்லாவற்றையும் புதிதாகச் செய்வது. விளையாட்டுகளைக் கட்டப் பயன்படும் மென்பொருளுக்கு என்ஜின் என்று பெயர். யூனிட்டி என்ற என்ஜினில் மருத்துவத் தளத்தின் தொடக்கப் பகுதியைக் கட்டி, விளையாடிப் பார்க்க இலவச மாதிரியாக, அதாவது டெமோவாக, கொடுத்தார்கள். 9 லட்சம் டாலர் கேட்டார்கள். 21,000க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 13.5 லட்சம் டாலர் கொடுத்தார்கள்.

அந்த டெமோவை இன்று பார்த்தாலும் ஒன்று தெரியும். அது பழைய விளையாட்டின் மேல் அன்பு வைத்தவர்கள் செய்த வேலை. மூலத்தில் தட்டையாக இருந்த சுவர்ப் பலகைகளுக்கு இங்கே ஆழம் கிடைத்தது. குழாய்கள் புடைத்து நின்றன, தரை பளபளத்தது. ஆனால் அறை அதே அறை, திருப்பம் அதே திருப்பம். பழைய ஆட்டக்காரர் கண்ணை மூடிக்கொண்டு நடந்துவிடலாம்.

பிறகு ஏன் என்ஜினை மாற்றினார்கள்? என்ஜின் மாறினால் ஓவியமும் மாறுமா?

2017 மார்ச்சில், சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டை ஒட்டி, அன்ரியல் என்ஜின் 4க்கு மாறிவிட்டதாக அறிவித்தார்கள். படத் தரம், கன்சோல்களுக்கும் சேர்த்து உருவாக்குவது, இயங்கும் வேகம் ஆகியவற்றில் யூனிட்டி ஒத்துவரவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். பாத்திரத்தின் கண்வழியே உலகைப் பார்த்துச் சுட்டு நகரும் விளையாட்டுகளுக்கு அன்ரியலில் கருவிகள் ஆயத்தமாக இருந்தன என்பதும் உண்மை.

என்ஜின் தானாக ஓவியத்தை மாற்றாது. ஆனால் கையில் இருக்கும் கருவி ஆசையைத் தூண்டும். அன்ரியலில் ஒளி, உலோகப் பளபளப்பு, நிழல், மூடுபனி எல்லாம் உண்மைக்கு நெருக்கமாக எளிதில் வந்துவிடும். அப்படி வரும்போது "இதை இன்னும் நிஜமாகச் செய்தால் என்ன" என்ற எண்ணம் யாருக்கும் எழும். அந்த எண்ணம்தான் இந்தத் திட்டத்தைப் பிடித்துக்கொண்டது.

2017 தோற்றம் அழகாகத்தானே இருந்தது? ரசிகர்கள் ஏன் முகம் சுளித்தார்கள்?

அழகாகத்தான் இருந்தது. திறமையில்லாத வேலை என்று யாரும் சொல்ல முடியாது. தாழ்வாரங்கள் இருண்டிருந்தன, உலோகம் உலோகமாகத் தெரிந்தது, ஒளி எங்கிருந்து வருகிறது என்பது கணக்காக இருந்தது. குறை வேறிடத்தில் இருந்தது. பெயர்ப்பலகையை எடுத்துவிட்டால், அந்தத் தாழ்வாரம் அந்தக் காலத்து விண்வெளித் திகில் விளையாட்டு எதிலும் பொருந்தியிருக்கும். சிட்டடல் நிலையத்துக்கே உரிய ஊதாவும் பச்சையும் பின்வாங்கி, சாம்பலும் மங்கிய நீலமும் முன்னே வந்துவிட்டன.

ரசிகர்களின் எதிர்ப்பைப் பிடிவாதக்காரர்களின் முணுமுணுப்பு என்று தள்ளிவிடுவது எளிது. நான் அப்படிப் பார்க்கவில்லை. பணம் கொடுத்தவர்கள் 2016 டெமோவைப் பார்த்துக் கொடுத்தார்கள். அதில் அவர்களை இழுத்தது நிஜத்தன்மை இல்லை. பழைய இடம் புது வெளிச்சத்தில் தெரிந்ததுதான். நிஜத்தன்மை கூடக்கூட அந்த இடமே காணாமல் போனது.

2018இல் வேலையை நிறுத்தியது ஏன்?

2018 பிப்ரவரியில் ஸ்டீபன் கிக் ஒரு அறிவிப்பு வெளியிட்டார். பழையதைப் புதுப்பிக்கும் திட்டமாகத் தொடங்கியது முழுக்கப் புதிய விளையாட்டாக மாறிவிட்டது, மூலக் கருத்திலிருந்து விலகிவிட்டோம், செலவும் கூடிவிட்டது, ஆகவே குழுவுக்கு இடைவேளை கொடுக்கிறேன் என்பது அதன் சாரம். என்ஜினை மாற்றியதற்கு வருந்தவில்லை என்றும் அதிலேயே சொன்னார்.

பணம் கொடுத்தவர்கள் பலர் அன்றே திட்டம் முடிந்தது என்று நினைத்தார்கள். முடியவில்லை. சில வாரங்களில் சிறிய குழுவோடு வேலை மறுபடி தொடங்கியது. அன்ரியலை வைத்துக்கொண்டார்கள், வரைபடத்தை மட்டும் 1994க்குத் திருப்பினார்கள். தோற்றத்துக்கு மூன்றாவதாக ஒரு வழி தேட வேண்டியதாயிற்று.

வெளிவந்த விளையாட்டில் சுவர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. என் கணினியில் கோளாறா?

இல்லை. வேண்டுமென்றே செய்தது. இந்தப் பக்கத்தில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முப்பரிமாணச் சுவரின் மேல் ஒட்டப்படும் படத்துக்கு டெக்ஸ்ச்சர் என்று பெயர். நாம் சுவருக்கு மிக அருகில் போகும்போது, அந்தப் படத்தின் ஒரு புள்ளி திரையில் பல புள்ளிகளின் இடத்தை அடைத்துக்கொள்ளும். இந்நாளைய என்ஜின்கள் அப்போது பக்கத்துப் புள்ளிகளின் நிறங்களைக் கலந்து, விளிம்புகளை மழுங்கடித்துவிடும். படம் கட்டமாகத் தெரியாது, கலங்கலாகத் தெரியும். அந்தக் கலத்தலை நிறுத்திவிட்டால் ஒவ்வொரு புள்ளியும் கூர்மையான சதுரமாக நிற்கும். 1994இல் கணினிகளுக்குக் கலக்கும் வலு இல்லாததால் சதுரங்கள் தெரிந்தன. 2023இல் வலு இருந்தும் வேண்டாம் என்று விட்டதால் தெரிகின்றன.

இதோடு நின்றிருந்தால் அது வெறும் பழைய நினைவுக்கு விரித்த வலையாகியிருக்கும். நைட்டைவ் செய்த நல்ல காரியம் இனிமேல்தான் வருகிறது. அந்தச் சதுரப் புள்ளிகளின் மேல் இன்றைய ஒளியைப் பாய்ச்சினார்கள். மருத்துவத் தளத்தில் ஒரு சுவர்ப் பலகையைப் பத்தடி தூரத்திலிருந்து பாருங்கள். திருகாணி, கீறல், துரு எல்லாம் நுணுக்கமாக இருப்பதாகத் தோன்றும். எதிரே மின்னும் சிவப்பு விளக்கு அந்த உலோகத்தில் வழுக்கி ஓடும். மெல்ல அருகே போங்கள். ஒரு கட்டத்தில் துரு நாலைந்து பழுப்புச் சதுரங்களாக உடையும், திருகாணி இரண்டு மூன்று புள்ளிகளாகச் சுருங்கும். ஆனால் ஒளி மட்டும் அப்போதும் உண்மையாகவே விழுந்துகொண்டிருக்கும். தூரத்தில் இன்றைய விளையாட்டு, அருகில் பழைய விளையாட்டு. இரண்டுக்கும் நடுவில் நாம் நடந்துகொண்டே இருக்கிறோம்.

2020 மே மாதம் எல்லோருக்கும் கொடுத்த ஆல்பா டெமோவில் (முழுமையடையாத தொடக்கநிலை மாதிரியில்) இந்தப் பாணி நிலைபெற்றிருந்தது. 2021 பிப்ரவரி டெமோவில் இன்னும் செம்மையானது. நிறங்களும் திரும்பி வந்தன, மூலத்தைவிட ஒரு படி உரக்கவே.

அப்படியானால் இது செலவைக் குறைக்கச் செய்த தந்திரம் என்று சொல்லலாமா?

ஓரளவு ஆம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய வீட்டில் ஒரே ஓர் அறைக்குக் கிரானைட் தரை போட்டுப் பாருங்கள். மறுநாள் முதல் மற்ற அறைகளெல்லாம் அழுக்காகத் தெரியத் தொடங்கும். நிஜத்தன்மையும் அப்படித்தான் பணம் கேட்கும். நாற்காலி நிஜமாக இருந்தால் மேசையும் நிஜமாக வேண்டும், மேசை மேல் கிடக்கும் கோப்பையும் வேண்டும், கோப்பை உடைந்தால் உடைந்த துண்டுகளும் வேண்டும். சிட்டடலில் ஒன்பது தளங்களோடு உலைத் தளமும் தோட்டங்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் 2017இன் அளவுகோலில் முடிக்கப் பல மடங்கு பெரிய குழு வேண்டியிருந்திருக்கும்.

புள்ளிப் பாணியில் அந்த நெருக்கடி தளர்கிறது. அருகில் போனால் எல்லாமே சதுரமாகும் என்ற விதியைக் கண் ஒருமுறை ஏற்றுக்கொண்டால், அப்புறம் எந்தப் பொருளையும் தனியாகக் குறை சொல்லாது. ஆகவே ஓவியப் பாணியைத் தேர்ந்தெடுப்பதும் வரவுசெலவுத் திட்டம் போடுவதும் இங்கே ஒரே மேசையில் நடந்த வேலைகள். நல்ல ஓவிய இயக்கம் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. மேடையில் பேசும்போது மட்டும் அதைக் கலை என்று பிரித்துச் சொல்வார்கள்.

எதிரிகளின் உருவங்களை யார் வடிவமைத்தார்கள்? மூலத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

மூல விளையாட்டின் ஓவியர்களில் ஒருவரான ராப் வாட்டர்ஸ் இந்த ரீமேக்கிலும் வரைந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் சிஸ்டம் ஷாக் 2, பயோஷாக் ஆகிய விளையாட்டுகளில் பணியாற்றியவர். இளமையில் தான் வரைந்த உருவங்களையே பல ஆண்டுகள் கழித்து மறுபடி வரையும் வாய்ப்பு ஓவியர்களுக்கு அபூர்வம்.

அவருக்கு இருந்த சிக்கல் வேடிக்கையானது. 1994இன் எதிரிகள் சில பத்துப் புள்ளிகளில் வரையப்பட்டவர்கள். மீதியை ஆட்டக்காரரின் கற்பனை நிரப்பியது. ஆளுக்கு ஆள் நிரப்பியது வேறு. இப்போது எல்லாப் பக்கமும் தெரியும் முப்பரிமாண உருவம் வேண்டும், முதுகு எப்படி இருக்கும் என்றும் சொல்லியாக வேண்டும். கார்டெக்ஸ் ரீவர் என்ற எதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். மனித உடலின் மிச்சத்தை இயந்திரக் கால்களின் மேல் ஏற்றிய உருவம் அது. மூலத்தில் சதை எங்கே முடிகிறது, இரும்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. தெரியாததே பயம். ரீமேக்கில் அந்த எல்லையை வரைந்தே தீர வேண்டும். வரைந்தார்கள். வெட்டினால் உறுப்புகள் சிதறும்படியும் செய்தார்கள். கொடூரம் கூடியது. பயம் கூடியதா என்றால், எனக்குப் பழைய மங்கல் உருவங்களே அதிகம் உறுத்துகின்றன.

ஷோடானின் முகமும் மாறியதா?

கம்பிகளும் மின்சுற்றுக் கோடுகளும் கலந்த அந்தப் பெண்முகம் பழைய அட்டைப்பெட்டியின் மேலேயே இருந்தது. அதில் கைவைத்தால் கலகம் வரும் என்று தெரிந்தவர்கள்போல, கோடுகளைத் தெளிவாக்கியதோடு நிறுத்திக்கொண்டார்கள். குரலும் மூலத்தில் ஷோடானுக்குக் குரல் கொடுத்த டெரி புரோசியஸ் குரலே.

சைபர்ஸ்பேஸ் பகுதி ஏன் அவ்வளவு வேறாக இருக்கிறது?

கணினி வலைக்குள் பறந்து போகும் பகுதி அது. மூலத்தில் வெறும் கம்பிக் கோடுகளால் ஆனது, திசை தெரியாமல் தலை சுற்ற வைக்கும். அங்கே மட்டும் மூலத்துக்கு விசுவாசமாக இருக்க அவர்கள் முயலவில்லை. திண்மையான வடிவங்களையும் பளிச்சென்ற நிறங்களையும் வைத்து, எல்லாத் திசையிலும் பறந்து சுடும் தனி விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். நல்ல முடிவு. ஆனாலும் அந்தப் பகுதி விளையாட்டின் மற்ற பகுதிகளோடு ஒட்டாமல் தனித்தே நிற்கிறது.

திரையை அடைத்திருந்த பழைய பலகைகள் எங்கே போயின?

போய்விட்டன. உயிரளவும் ஆற்றலளவும் ஓரத்தில் சிறிதாக இருக்கின்றன. பொருள்களை அடுக்கக் கட்டங்கள் கொண்ட தனித் திரை இருக்கிறது. பழைய பலகைகளுக்காக ஏங்குகிறவர்களும் உண்டு. நான் அவர்களில் ஒருவன் இல்லை.

வெளியான பிறகும் ஓவியம் மாறியதா?

மாறியது. கன்சோல் பதிப்புக்குச் சற்று முன்பு, 2024 ஏப்ரலில் வந்த திருத்தத்தில் ஹேக்கரைப் பெண்ணாகவும் தேர்ந்தெடுக்க வழி வந்தது. ஷோடானுடனான கடைசி மோதலையும் மாற்றி அமைத்தார்கள். முதல் வெளியீட்டில் பலர் ஏமாற்றமடைந்த பகுதி அது.

இறுதித் தோற்றத்தில் குறையே இல்லையா?

இருக்கிறது. நிறங்களைத் திருப்பிக் கொண்டுவந்த மகிழ்ச்சியில் கை சற்றுத் தாராளமாகிவிட்டது. சில அறைகளில் சிமிட்டும் விளக்கு, ஒளிரும் குழாய், மின்னும் திரை எல்லாம் ஒரே நேரத்தில் கூப்பிடுகின்றன. அழுத்த வேண்டிய பொத்தான் எது, அலங்காரம் எது என்று பிரித்தறிய நேரமாகிறது. அம்புக்குறி இல்லாத விளையாட்டில் இது சின்னக் குறை இல்லை. கூர்மையான சதுரங்கள் நடக்கும்போது தூரத்தில் மினுமினுப்பதும் சிலர் கண்ணுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

வேறு ரீமேக்குகளிலும் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, ஆனால் உள்ளே என்ன நடந்தது என்பது இவ்வளவு தெரியாது. ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக்கில் 2015 டிசம்பர் காட்சியில் தெரிந்த கதாநாயகன் கிளவுட், கன்னம் ஒட்டிய சோர்ந்த இளைஞன். அப்போது சைபர்கனெக்ட்2 என்ற வெளி நிறுவனமும் வேலையில் இருந்தது. 2017இல் விளையாட்டின் உரிமை நிறுவனமான ஸ்கொயர் எனிக்ஸ் வேலையைத் தன் குழுவிடமே எடுத்துக்கொண்டது. 2019இல் மறுபடி காட்டியபோதும் 2020 ஏப்ரலில் வெளிவந்தபோதும் அவன் முகம் நிறைந்திருந்தது.

நமக்குப் பக்கத்தில் நடந்தது பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம் ரீமேக். யூபிசாஃப்ட் என்ற விளையாட்டு நிறுவனத்தின் புனே, மும்பை ஸ்டுடியோக்கள் செய்த அதன் முன்னோட்டம் 2020 செப்டம்பரில் வந்ததும், காட்சிகள் பழையதாகத் தெரிகின்றன என்று பெரும் கேலி எழுந்தது. 2021 ஜனவரியில் வருவதாகச் சொன்னது தள்ளிப்போய், 2022 மே மாதத்தில் பொறுப்பே கனடாவின் மாண்ட்ரியல் ஸ்டுடியோவுக்கு மாற்றப்பட்டது. இந்தியக் கலைஞர்களின் திறமையைக் குறை சொல்ல அந்தக் கேலியைப் பயன்படுத்தியவர்கள் பலர். பெரிய மேற்கத்திய விளையாட்டுகள் பலவற்றுக்கு ஆண்டுக்கணக்காகப் பின்னின்று உழைத்த ஸ்டுடியோக்கள் அவை. முதல் முன்னோட்டத்தை எப்போது, எந்த நிலையில் காட்டுவது என்பது பெரும்பாலும் ஓவியர் எடுக்கும் முடிவு இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இந்த மாற்றங்களை நானே ஒப்பிட்டுப் பார்க்க என்ன வழி?

2015 மேம்பட்ட பதிப்பை முதலில் விளையாடுங்கள். அதில் 1994இன் ஓவியம் அப்படியே இருக்கிறது. மருத்துவத் தளத்தை மட்டும் முடித்தால் போதும். அடுத்து 2016 டெமோவின் காணொளியையும் 2017 அன்ரியல் காணொளியையும் அடுத்தடுத்துப் பாருங்கள். யூடியூபில் இரண்டும் கிடைக்கும். கடைசியாக 2023 விளையாட்டை வாங்கி அதே தளத்தில் நடங்கள். கண்விழிக்கும் அறை, முதல் தாழ்வாரம், முதல் பாதுகாப்புக் கேமரா என்று மூன்று இடங்களை மட்டும் பிடித்துக்கொண்டால் ஒப்பிடுவது எளிது.

கணினி பழையதாக இருந்தால் 2023 பதிப்பில் நிழல் தரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஒளித் தரத்தைக் குறைக்காதீர்கள். புள்ளிச் சுவர்களுக்கு உயிர் கொடுப்பதே அந்த ஒளிதான்.